புகைத்தண்ணிப் போத்தல்

பாலையூற்றில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்த மாமி எதையும் முடித்து நான் கண்டதில்லை. சவுக்காரம் கரைந்து நகமளவுக்கு வந்ததும் அதைப் புதுக் கட்டியின் முதுகில் ஒட்டிவிடுவார். ஆகவே அந்த வீட்டுச் சவுக்காரம் ஒருநாளும் தீர்ந்ததில்லை. நத்தாருக்கு நான் கொடுத்த கேக்கில் ஒரு துண்டு தவக்காலம் தொடங்கிய பிறகும் பேணிக்குள் கிடந்தது. கடைசியில் அது எறும்புகளுக்குத்தான் ஆயிற்று. கலியாணத்துக்கு வந்த யப்பான் தேத்தண்ணிக் கோப்பைகள் பத்திரிகைக் கடதாசி சுற்றியபடியே அலுமாரியின் அடித்தட்டில் இருந்தன. எங்களுக்கு விளிம்பு உடைந்த கோப்பையில்தான் தேத்தண்ணி. எடுத்துப் பாவியுங்கோவன் மாமி என்றால் அவரிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. "இருக்கட்டும்."

மாமி என்று கூப்பிட்டேனே தவிர உறவு ஒன்றும் இல்லை. அவர் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். நாங்கள் சைவம், ஆனால் மீன் சாப்பிடுகிற சைவம். வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போய்ச் சில வருஷம் கழித்து, கலியாணம் முடித்துக் கப்பல்துறை என்ற ஊரிலிருந்து நான் அந்த வீட்டுக்கு வந்தேன். என்னைக் கட்டிய இவருக்குத் துறைமுகத்தில் வேலை. என் கையில் எதுவும் தங்காது. புதுச் சீலை வாங்கினால் அன்று பின்னேரமே உடுத்தாக வேண்டும், நல்ல மாம்பழம் வந்தால் பழுக்கும் வரை பொறுக்க மாட்டேன். இப்படிப்பட்ட எனக்கும் அந்த மாமிக்கும் எப்படி ஒத்துப்போயிற்று என்று இவர் அடிக்கடி கேட்பார். மோட்சத்துக்குக் கூப்பிட்டாலும் இருக்கட்டும் என்றுதான் சொல்லுவீங்கள் என்று நான் மாமியைச் சீண்டுவேன். அவர் சிரிப்பார். சிரிப்புப் பாதியில் இழுப்பாக மாறிவிடும்.

அவருக்குத் தொய்வு, மூச்சு இழுக்கிற வருத்தம். ஒரு வசனத்தை ஒரே மூச்சில் சொல்ல ஏலாது. நடுவில் நிறுத்தி மூச்சை எடுத்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சொல்லுவார். அதுவரை நாங்கள் காத்திருப்போம். அதனாலேயே சொற்களையும் எண்ணித்தான் செலவழித்தார் என்று நினைக்கிறேன். புருஷன் செத்த பிறகு, துறைமுகத்து ஆட்களுக்குச் சோத்துப் பார்சல் கட்டி அவர் வீட்டை ஓட்டினார். சூரை மீன் குழம்பு, ஒரு பால்கறி, சம்பல். குழம்புக்குத்தான் பெயர். மண்சட்டியில் வைத்து, கடைசியில் சட்டியின் வாயைத் திறந்துவிட்டு விறகுப் புகையைக் கொஞ்சம் குடிக்க விடுவார். அந்த வாசம் எங்கள் வேலியைத் தாண்டும்போது எனக்கு என் கறியின் மேலேயே வெறுப்பு வரும். ஆனால் சட்டி குடிக்கிற அதே புகையை அவரும் குடித்தார். பெரியாஸ்பத்திரி டொக்டர் அடுப்புப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லியிருந்தார். மாமி ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்து அடுப்பை மூட்டினார்.

ஒரே மகன், அன்ரன். ஒல்லியான, வாய்த் துடுக்கான பெடியன். தேயிலை ஏற்ற வந்த வெளிநாட்டுக் கப்பல் ஒன்றில் குசினி வேலைக்கு ஆள் கேட்டார்கள் என்று ஏறிப்போனவன். முதல் தடவை லீவில் வந்தபோது அம்மாவுக்கு விறகும் புகையும் இல்லாத மண்ணெண்ணெய்க் குக்கர் அடுப்பு ஒன்று வாங்கிக் கொடுத்தான். மாமி ஒருநாள் அதில் சமைத்தார். பார்சல்காரர் வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார்களாம். இது ஆஸ்பத்திரிக் கறி என்று ஒருவர் சொல்லியே விட்டாராம். மறுநாள் குக்கர் பெட்டிக்குள் போய்விட்டது.

அடுத்த முறை வந்தபோது அவன் கொண்டுவந்ததுதான் அந்தப் போத்தல். மண்ணிறக் கண்ணாடி, உள்ளே தேத்தண்ணிச் சாயம் மாதிரி ஒரு தண்ணீர். மரத்தை எரித்து, வருகிற புகையைக் குளிரவைத்துத் தண்ணீராகப் பிடிக்கிறார்கள், கப்பலில் பெரிய குசினிக்காரன் இறைச்சிக்கு இதைத்தான் தடவுவான் என்று சொன்னான். என்னையும் வேலிக்கு மேலால் கூப்பிட்டான். மாமி போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். புகையையும் விட்டுவைக்காமல் அடைத்துவிட்டார்களே என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. அப்படி ஒரு மரியாதை.

அன்றைக்குக் குக்கரில் அவனே மீன் குழம்பு வைத்தான். வைத்துக்கொண்டே அம்மாவுக்குப் பாடம் எடுத்தான்.

"முதல்ல போத்தலை ஒருக்காக் குலுக்குங்கோ. கறியை இறக்கினாப் பிறகுதான் விட வேணும். நேரச் சட்டிக்க விடக் கூடாது, ஒரு பக்கம் கைக்கும், மற்றப் பக்கம் ஒண்டும் தெரியாது. ஒரு கரண்டி தேங்காய்ப்பாலில ஒரு துளி. கலக்கிட்டு ஊத்துங்கோ. கூடினால் கரிக்கட்டையைச் சப்பின மாதிரி இருக்கும்."

மூடியை இறுக்கி மூட வேண்டும், வெயில் படக் கூடாது, அடுப்புக்குக் கிட்ட வைக்கக் கூடாது, தகரப் பேணியில் ஊற்றக் கூடாது, அது தகரத்தைத் தின்றுவிடும் என்றெல்லாம் சொன்னான். மாமி பூசையில் நிற்பதுபோல நின்று கேட்டார். பிறகு அகப்பையால் தொட்டு நாக்கில் வைத்தார். இன்னொரு தரம் தொட்டு வைத்தார். "என்ர அடுப்புத்தான்" என்றார். அன்ரன் என்னைப் பார்த்து வெற்றிச் சிரிப்புச் சிரித்தான். அம்மா இனிப் புகைக்குள் நிற்க மாட்டா என்ற நிம்மதியோடு கப்பலுக்குப் போனான். எனக்கும் நிம்மதிதான். நாங்கள் இரண்டு பேரும் மாமியை அவ்வளவுதான் அறிந்திருந்தோம்.

போத்தலை எங்கே வைப்பது என்பதில் மாமி பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். குசினி சூடு. ஆகவே முதலில் அலுமாரி. அதுதான் அந்த வீட்டில் இருட்டான, பூட்டுள்ள இடம். அன்ரனின் பழைய சேட்டில் சுற்றிச் சீலைகளுக்கு நடுவில் வைத்தார். ஒருமுறை திறந்த மூடி அல்லவா, சரியாக இறுகவில்லை போல. அடுத்த ஞாயிறு அந்தச் சீலையில் ஒன்றை உடுத்திக்கொண்டு போக, கோயிலில் முன் வாங்கிலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்களாம். அடுப்பங்கரையிலிருந்து நேரே வாறீங்களோ என்று ஒரு அம்மா கேட்டேவிட்டாராம். மாமி ஓம் என்று சொல்லிவிட்டுச் செபமாலையை உருட்டியிருக்கிறார். பிறகு போத்தல் அரிசிப் பெட்டிக்குப் போயிற்று, அந்தக் கிழமை பால்சோறும் புகைந்தது. கடைசியில் சாமியறை மூலையில் ஒரு மண்பானை வைத்து, அதில் மணலை நிரப்பி, போத்தலைக் கழுத்தளவுக்குப் புதைத்து, மேலே தட்டுப் போட்டு மூடினார். மாதாவின் படத்துக்கு நேரே கீழே. அதற்குமேல் பத்திரமான இடம் அவருக்குத் தெரியாது.

வாடைக்காற்றுத் தொடங்கி விறகெல்லாம் நனைந்திருந்த ஒரு காலையில் அவருடைய குசினிக் கூரைக்குள்ளால் புகை கட்டியாக வருவதைக் கண்டேன். குக்கர்தான் பற்றிக்கொண்டதாக்கும் என்று ஓடினேன். மாமி அடுப்பின் முன்னால் குந்தியிருந்து ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்தார். இரண்டு ஊதலுக்கு நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். குக்கர் பெட்டியோடு மூலையில் இருந்தது. பெட்டிக்கு மேல் தேங்காய் அடுக்கியிருந்தார்.

எனக்கு வந்த கோபத்தில் நல்லாய்ப் பேசிவிட்டேன். உங்களைப் புகையிலிருந்து காப்பாற்றத் தந்த போத்தலைக் காப்பாற்ற நீங்கள் புகைக்குள் இருக்கிறீங்கள், இந்தப் புத்தி உலகத்தில் வேறு யாருக்கும் வராது என்றேன். மாமி கண்ணைத் துடைத்தார். அது புகையாலும் இருக்கலாம்.

"பாவிச்சா முடிஞ்சுபோமே பிள்ளை" என்றார். மூச்சை எடுத்தார். "அவன் வாற நேரம் வேணும். அவன் கையால தந்தது. அவன் வரேக்க அதில சமைச்சுக் குடுக்க வேணும்."

"வாறவனுக்கு நீங்கள் வேணும் மாமி. போத்தல் இல்லை."

"இருக்கட்டும்" என்றார்.

அந்த வாடையில் அவருக்கு உதடு நீலம் பாய்ந்து, இவர் கார் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார். டொக்டர் கேட்டபோது அடுப்பை விட்டுவிட்டேன் என்று மாமி துணிந்து பொய் சொன்னார். அவர் வீட்டுக்கு வரும் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. எந்நேரமும் வேலிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனுஷி மீது எனக்கு எவ்வளவு பிரியம் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

பிறகு அன்ரன் வருகிறான் என்று கடிதம் வந்தது. மாமிக்குச் சந்தோஷம் ஒரு நிமிஷம், அதற்குப் பிறகு நடுக்கம். போத்தல் அவன் தந்தபடி நிரம்பி இருக்கிறதே. அவன் பார்த்தால் மனம் நோவானே. கொட்டவும் கை வராது. அன்று பின்னேரம் போத்தலை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு என்னிடம் வந்தார். என் பிள்ளையின் கிரைப் வாட்டர் போத்தல் ஒன்று வெறுமையாக இருந்தது. அதில் பாதியை ஊற்றி என்னிடம் வைக்கச் சொன்னார். என் அலுமாரியும் புகைந்தது. குசினிச் சுவருக்கு இவரைக் கொண்டு வெள்ளையடித்தார். குக்கரைப் பெட்டியிலிருந்து எடுத்து, திரி கறுக்க வேண்டும் என்று ஒரு நாள் முழுக்க வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்தார். இந்தத் திருகுதாளத்துக்கெல்லாம் நானும் கூட்டு.

அன்ரன் வந்தான். பாதிப் போத்தலைத் தூக்கிப் பார்த்துவிட்டு அம்மாவைக் கட்டிப் பிடித்தான். மாமி குக்கரில் சமைத்தார், துளியைத் தேங்காய்ப்பாலில் கலந்து ஊற்றினார், எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. இரவு அவர் இருமியதை மட்டும் ஒளிக்க முடியவில்லை. விடிந்ததும் அவன் வேலிக்குக் கிட்ட வந்தான்.

"அக்கா, குக்கரின்ர அடியில கடைக்காரன் ஒட்டின துண்டு இன்னும் கிழியேல்லை" என்றான்.

"உங்கட அம்மாவை உங்களுக்குத் தெரியும்தானே தம்பி" என்றேன்.

அவன் வேலிக் கம்பை விட்டுவிட்டு வீட்டுக்குள் போனான். அம்மாவோடு சண்டை போடுவான் என்று நினைத்தேன். போடவில்லை. போகிற அன்று, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, என் முன்னால்தான் சொன்னான்.

"அம்மா, இந்தப் போத்தல் முடிய வேணும். முடிஞ்ச உடன எனக்கு எழுதுங்கோ. முடிஞ்சால்தான் நான் வருவன்."

பெற்ற பிள்ளை அல்லவா, எந்த இடத்தில் தொட வேண்டும் என்று தெரிந்திருந்தது. அவனுக்கு வேண்டியது அம்மாவின் மூச்சு. அவருக்கு வேண்டியது அவன் வருவது. இரண்டையும் ஒரு போத்தலில் கட்டிவிட்டுப் போய்விட்டான்.

அன்றிலிருந்து மாமியின் வீட்டில் நடந்ததை என் கண்ணால் பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். அடுப்புக்குள் பூனை படுத்தது. குழம்புக்கு ஒரு துளி என்றது இரண்டாயிற்று, பிறகு பருப்புக்கும் விட்டார், சொதிக்கும் விட்டார், கத்தரிக்காய்ப் பால்கறிக்கும் விட்டார். பார்சல்காரர் மாமியின் குசினி எரிந்துவிட்டதா என்று இவரிடம் விசாரித்தார்கள். சைக்கிளில் மீன் கொண்டுவரும் கிண்ணியா முஸ்லிம் அண்ணன், காக்கா என்றுதான் கூப்பிடுவோம், அவருக்குச் சம்பலும் பாணும் கொடுத்திருக்கிறார். மாமி, இந்தச் சம்பலைத் தின்ற வாயோடு வீட்டுக்குப் போனால் எங்கே சுருட்டுக் குடித்தாய் என்று பெண்சாதி கேட்பாள் என்றாராம் அவர். மாமி சிரித்தார். அந்தச் சிரிப்பு இழுப்பாக மாறாமல் சிரிப்பாகவே முடிந்ததை நான் கவனித்தேன். வசனங்களும் நீண்டுகொண்டு வந்தன.

போத்தல் முடிந்த அன்று என்னைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். எழுதினேன். இந்த மாதக் கப்பலில் வருகிறேன் என்று பதில் வந்தது. என்னிடம் இருந்த பாதியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

கப்பல் துறைமுகத்துக்குள் வந்து ஊதியது பாலையூற்று வரை கேட்டது. மாமி விடியவே மீன் வாங்கியிருந்தார். சோறு, குழம்பு, பொரியல், வட்டிலப்பம் எல்லாம் மேசையில் மூடி வைத்துவிட்டுப் படலையில் போய் நின்றார். வெயில் ஏறி உச்சிக்கு வந்த பிறகு ஒரு பெடியன் வந்தான். அன்ரன் இல்லை. நீர்கொழும்புப் பக்கத்தவன், அதே கப்பலில் வேலை. அன்ரனை வேறு கப்பலுக்கு மாற்றிவிட்டார்கள், அது இந்தப் பக்கம் வராது, சுகமாக இருக்கிறான், இன்னும் ஒரு வருஷம் ஆகலாம், அம்மாவிடம் இதைக் கொடுக்கச் சொன்னான் என்று சொல்லி ஒரு கடதாசிப் பொதியை நீட்டினான். பிரித்தால் புதுப் போத்தல். முதலாவதை விடப் பெரிது.

மாமி அந்தப் பெடியனை உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்திச் சாப்பாடு போட்டார். அன்ரனுக்கு என்று வைத்த எல்லாவற்றையும் போட்டார். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு சாப்பிட்டான், இரண்டு தரம் சோறு வாங்கினான். அவன் போன பிறகு மாமி போத்தலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"போத்தல் வந்திட்டுதே பிள்ளை" என்றார். "இனி அவன் என்னத்துக்கு வருவான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை.

மறுநாள் காலை எங்கள் ஒழுங்கை முழுக்கப் புகை மணத்தது. வெளியே வந்து பார்த்தால் மாமி போத்தலும் கையுமாக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். மருந்துப் போத்தலோ மைப் போத்தலோ ஏதாவது கண்ணாடிப் போத்தல் இருந்தால் கொண்டுவா என்று ஒவ்வொரு படலையிலும் நின்று கேட்டார். ஊற்றினார். குலுக்கிவிட்டு, ஒரு துளிதான், தேங்காய்ப்பாலில் கலந்து, கறியை இறக்கிய பிறகு, வெயில் படாமல் வை என்று ஒவ்வொருவருக்கும் அன்ரன் சொன்ன பாடத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். கிண்ணியாக் காக்காவும் சைக்கிளை நிறுத்தி ஒரு சின்னப் போத்தலில் வாங்கிக்கொண்டு போனார். சவுக்காரத்தை முடிக்க மனம் வராத மனுஷி ஒரு காலைக்குள் அந்தப் பெரிய போத்தலை வெறுமையாக்கிவிட்டு என் வாசலில் வந்து நின்றார்.

"உன்னட்டக் கிடக்கிறதையும் எடு பிள்ளை. ஒரு துளி இருந்தாலும் முடிஞ்சுது எண்டு எழுதுறது பொய்யாப் போகும்."

கிரைப் வாட்டர் போத்தலை எடுத்துவந்தேன். அதையும் ஒழுங்கைக் கடைசி வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். இனி என்ன செய்யப்போறீங்கள், திரும்பவும் விறகா என்று பயந்துகொண்டு கேட்டேன்.

"இல்லை. பார்சல்காரர் ஆஸ்பத்திரிக் கறி தின்னட்டும். அவன் வாற வரைக்கும் மூச்சு இருக்கட்டும்" என்றார். வெறும் போத்தலை மேசையில் வைத்தார். "எழுது. ரெண்டாவதும் முடிஞ்சுது. இனிப் போத்தல் அனுப்ப வேண்டாம்."

வேறு ஏதாவது எழுதட்டுமா, சுகம் விசாரிக்கட்டுமா என்று கேட்டேன். அதுபோதும் என்றார். அவ்வளவுதான் எழுதினேன்.

பார்சல்காரரில் சிலர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டே மாமியிடமே நின்றார்கள். அடுத்த வாடையில் மாமி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

வாடை போய், கச்சான் காற்று ஒழுங்கைப் புழுதியைக் கிளப்பத் தொடங்கியிருந்தது. பகலில், கொழும்பு பஸ் வருகிற நேரத்துக்குக் கொஞ்சம் பிந்தி, அடுத்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. வேலிக்குக் கிட்டப் போனேன். மாமி அலுமாரியைத் திறந்து வைத்து, யப்பான் கோப்பைகளில் சுற்றியிருந்த கடதாசியைக் கிழித்துக் கிழித்து நிலத்தில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நடுவில் ஓரிடத்திலும் நிறுத்தாமல் ஒரே மூச்சில் சொன்னார்.

"பிள்ளை, இஞ்ச ஓடி வந்து பார், வெறுங்கையோட வந்திருக்கிறான்."